கையால் ஆக்கிய சுடோக்கும் கணினி ஆக்கிய சுடோக்கும்



மொழியியல் பயின்றவர் எண் புதிரைப் பற்றிப் பேச வருவது பொருத்தமா என்னும் ஐயம் இத்தலைப்பைக் கண்டதும் உங்களுள் சிலர்க்கு எழுந்திருக்கலாம். சுடோக்கில் எண்கள் இருப்பினும் கணக்கு இல்லை. ஒன்றுடன் இரண்டைக் கூட்டுவதோ, மூன்றால் வகுப்பதோ அங்கு நிகழ்வதில்லை. ஒன்பது எண்களுக்குப் பதிலாக ஒன்பது எழுத்துகளை இட்டாலும், ஒன்பது நிறங்களை இட்டாலும் புதிர் அதுவே. எந்தக் குறி எந்த இடத்தில் வரலாம், எந்த இடத்தில் வரலாகாது என்னும் வரன்முறையே அதன் உயிர். இடமும் வருகையும் இலக்கணத்தாரின் பழைய பொருள்கள் ஆதலால், இத்துறையில் நமக்கும் சிறிது உரிமை உண்டு.

விதியைச் சுருங்கக் கூறுவோம். ஒன்பது நிரையும் ஒன்பது நிரலும் கொண்ட சதுரம், மும்மூன்று கட்டமாக ஒன்பது பெட்டிகளாகவும் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு நிரையிலும், ஒவ்வொரு நிரலிலும், ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒவ்வொரு முறை மட்டும் வருதல் வேண்டும். சில கட்டங்களில் எண்கள் முன்னரே தரப்பட்டிருக்கும். எஞ்சியவற்றை நிரப்புதல் தீர்ப்பவர் கடன். ‘நிரை’ என்னும் சொல்லைப் பேராவில் விளக்க வேண்டியதில்லை. இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவர்க்கும் அது பாடநூல் தந்த சொல்லன்று. விடியற்காலையில் தாயும் தந்தையும் பால்வாளியோடு சென்ற மரவரிசையின் பெயர். கணித நூலார் பிற்காலத்தில் கிடைவரிசைக்கு இதே சொல்லை எடுத்துக்கொண்டனர். தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிய பின்னரும் அச்சொல் வகுப்பறையில் நிலைத்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தருகின்றது.

இப்புதிரின் வரலாற்றிலேயே கைக்கும் கணினிக்கும் இடையிலான வழக்கு அடங்கியுள்ளது. இன்றைய வடிவில் இது முதன்முதலாக 1979இல் அமெரிக்காவின் டெல் நிறுவனப் புதிர் இதழில், ‘எண் இடம்’ என்னும் பொருள்படும் பெயரோடு வெளிவந்தது. இதனை ஆக்கியவர் ஹாவர்ட் கார்ன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் என்பர். 1984இல் சப்பானின் நிக்கோலி நிறுவனம் இதனைத் தன் இதழில் வெளியிட்டது. எண்கள் தனித்தே இருத்தல் வேண்டும் என்னும் பொருளுடைய நீண்ட சப்பானியத் தொடரின் சுருக்கமே ‘சுடோக்கு’. மணமாகாதவரைக் குறிக்கும் சொல்லே அத்தொடரில் ‘தனித்து’ என்பதற்கு நிற்கின்றது என்பது மொழியியலார் புன்முறுவலோடு குறித்துக்கொள்ளும் செய்தி. 1986இல் நிக்கோலி இரு வரையறைகளை வகுத்தது. முன்னரே தரப்படும் எண்கள் 32க்கு மிகலாகாது என்பது ஒன்று. அவை சதுரத்தில் ஒத்திசைவாக, அதாவது தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதே இடங்களில் அமைதல் வேண்டும் என்பது மற்றொன்று. நன்னூலார் கூறும் உத்திகளும் முப்பத்திரண்டே. இது தற்செயல் என்பதை மாணவர்க்குச் சொல்லிவிடுதல் நல்லது.

நிக்கோலி இதழின் புதிர்கள் கையால் ஆக்கப்பட்டவை. வாசகர்களே ஆக்கி அனுப்பினர்; ஆக்கியவர் பெயரும் புதிரோடு அச்சாயிற்று. ஆயினும் உலகம் சுடோக்கை அறிந்தது இவ்வழியால் அன்று. ஆங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற நியூசிலாந்தினர் வெயின் கூல்ட், 1997இல் தோக்கியோ நகரப் புத்தகக் கடையொன்றில் இப்புதிரைக் கண்டார். ஏறத்தாழ ஆறாண்டுகள் உழைத்துப் புதிரைத் தானே ஆக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதினார். 2004 நவம்பர் 12ஆம் நாள் இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் அவர் புதிரை வெளியிடத் தொடங்கியது. ஓராண்டுக்குள் உலக நாளிதழ்கள் பலவற்றில் சுடோக்கு இடம்பெற்றது. கைத்தொழிலாக வளர்ந்த புதிரை உலகெங்கும் பரப்பியது கணினி என்னும் உண்மையை மறைத்துவிட்டுக் கைவண்ணத்தைப் புகழ்தல் நேர்மையாகாது.

கணினி எவ்வாறு புதிரை ஆக்குகின்றது? முதலில் முழுச் சதுரத்தையும் நிரப்பிக்கொள்கின்றது. ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை இடும். அடுத்ததில் மற்றொன்றை இடும். முரண் நேர்ந்தால் பின்வாங்கி வேறெண்ணை முயலும். இவ்வாறு நிரம்பக்கூடிய சதுரங்களுக்குக் குறைவில்லை. 2005இல் பெல்கன்ஃகாவர், சார்விசு என்னும் இருவர் கணக்கிட்டுக் கண்ட தொகை 6,670,903,752,021,072,936,960. சதுரம் நிரம்பியபின் எண்களை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கும். ஒவ்வொரு நீக்கத்தின் பின்னும், விடை இன்னும் ஒன்றேதானா என்று சோதிக்கும். இரண்டாயின் நீக்கிய எண்ணைத் திரும்ப இடும். இனி நீக்க முடியாது என்னும் நிலையில், அல்லது வேண்டிய அளவில், நின்றுவிடும். 17 எண்களுக்குக் குறைவாகத் தந்து ஒரே விடையுள்ள புதிரை ஆக்க இயலாது என்பதையும் கணினியே நிறுவியது. கேரி மெக்குவயர் தலைமையிலான அயர்லாந்துக் குழுவினர் 2012 சனவரியில் அம்முடிவை வெளியிட்டனர். மனிதர் எவரும் வாழ்நாள் முழுதும் இருந்தாலும் செய்துமுடிக்க இயலாத வேலை அது.

விடை ஒன்றேயாதல் என்பதன் அருமையைச் சிறு சதுரம் ஒன்றால் விளக்குவோம். ‘தைப்பிங்’ என்னும் ஊர்ப்பெயரில் தை, ப், பி, ங் என நான்கு எழுத்துகள், நான்கும் வேறு. நந்நான்கு கட்டச் சதுரத்தை, இரண்டிரண்டு கட்டப் பெட்டிகள் நான்காகப் பகுத்து, இவற்றால் நிரப்புவோம்:

தை – ப் – பி – ங்
பி – ங் – தை – ப்
ப் – தை – ங் – பி
ங் – பி – ப் – தை

நிரை, நிரல், பெட்டி மூன்றிலும் எழுத்து மீளவில்லை என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இனி முதல் இரு நிரைகளில் முதலாம் நிரலையும் மூன்றாம் நிரலையும் நோக்குக. மேல்நிரையில் தை, பி. கீழ்நிரையில் பி, தை. இந்நான்கு கட்டங்களையும் வெறுமையாக விட்டுவிட்டால், தை இருந்த இடத்தில் பியும், பி இருந்த இடத்தில் தையும் இட்டாலும் எந்த விதியும் கெடாது. நிரையில் இரண்டும் உள்ளன, நிரலில் இரண்டும் உள்ளன, பெட்டியிலும் அவ்வாறே. ஆகவே விடை இரண்டாகிவிடும். இந்நான்கனுள் ஒன்றையேனும் தந்தே ஆகவேண்டும். இச்சிறு சதுரத்தில் இத்தகைய நாற்கட்டங்கள் வேறு எத்தனை உள என்று மாணவர் எண்ணிப் பார்ப்பது நல்ல பயிற்சி. 81 கட்டச் சதுரத்தில் இத்தகைய கண்ணிகள் இதனினும் நுட்பமாக ஒளிந்திருக்கும். கையால் ஆக்குவோர் தப்புவது அரிது. அதனால் இன்று போட்டிக்குப் புதிர் ஆக்கும் எவரும், எவ்வளவு தேர்ந்தவராயினும், இறுதியில் கணினியிடம் காட்டி விடை ஒன்றே என்று உறுதிசெய்துகொள்வர். இதில் இழுக்கு ஒன்றுமில்லை.

அவ்வாறாயின் கை எதற்கு? இங்குதான் நன்னூல் நமக்கு உதவுகின்றது. நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று ஒரு பட்டியல் தந்த ஆசிரியர், அழகுகள் பத்து என்று வேறொரு பட்டியலும் தந்தார். குற்றம் நீங்கினாலே அழகு வந்துவிடும் என்று அவர் கருதியிருந்தால் இரண்டாம் பட்டியல் வேண்டியதில்லை. நோம் சாம்சுக்கி 1957இல் வெளியிட்ட நூலில், இலக்கணம் சிறிதும் வழுவாத, ஆனால் பொருளே தோன்றாத ஒரு தொடரைக் காட்டி இதனையொத்த வேறுபாட்டை உணர்த்தினார். கணினி ஆக்கும் புதிர் வழுவற்றது. அது யாரிடம் எதைச் சொல்ல வந்தது என்பது வேறு வினா.

கையால் ஆக்குவோர் தொடங்கும் இடமே வேறு. அவர் முழுச் சதுரத்தை நிரப்பிக்கொண்டு குடைவதில்லை. வெற்றுச் சதுரத்தில், எண்கள் எவ்வெவ் கட்டங்களில் நிற்கவேண்டும் என்னும் வடிவத்தை முதலில் குறிப்பார். பின் சில எண்களை இட்டுத் தாமே தீர்க்கத் தொடங்குவார். தீர்ப்பவர் எங்குக் கண்வைப்பார், எதைக் கண்டு தயங்குவார், எந்த இடத்தில் நின்றுவிடுவார் என்று எண்ணி, அவர் நிற்கும் இடத்தில் அடுத்த எண்ணை இடுவார். எடுத்துக்காட்டாக, மேல்நடுப் பெட்டியில் 7 எங்கே என்பது இரண்டு நிரைகளை மறித்துப் பார்த்தால் தெரியும்; அது தெரிந்தவுடன் கீழே மற்றொரு பெட்டியில் 7க்கு இரு கட்டங்களே எஞ்சும்; அவ்விரண்டும் ஒரே நிரலில் அமைவதால் அந்நிரலின் வேறு கட்டங்களில் 7 வர இயலாது. இவ்வாறு ஒரு படி அடுத்த படியைத் திறந்துவிடும். சொல்ல வந்ததைச் சரியான வரிசையில் சொல்லி விளங்கவைக்கும் ஆசிரியரின் செயலே இது. கணினிப் புதிரிலும் வழி உண்டு; ஆனால் அவ்வழியை எவரும் வகுத்ததில்லை. எண்களை நீக்கியபின் எஞ்சிய வழி அது.

இணையவழிப் போட்டிகளில் இவ்வேறுபாடு சுவையளவில் நில்லாது நீதியளவில் வந்து நிற்கின்றது. உலகச் சுடோக்கு வாகையர் போட்டி 2006இல் இத்தாலியின் லூக்கா நகரில் தொடங்கியது. 2008இல் கோவாவிலும், 2017இல் பெங்களூரிலும் நடைபெற்றது. இந்தியாவில் ‘லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா’ என்னும் அமைப்பு ஆண்டு முழுதும் இணையவழிப் போட்டிகளை நடத்துகின்றது, எந்நாட்டவரும் கலந்துகொள்ளலாம். உலகப் புதிர்க் கூட்டமைப்பு நடத்தும் சுடோக்குத் தொடர்ச்சுற்றுகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு நாட்டினர் புதிர் ஆக்கித் தருவர். போட்டிக்கு முன்னரே விதியேடு வெளியாகும். அதில் புதிர் வகைகளும், ஒவ்வொன்றுக்கும் உரிய புள்ளிகளும், ஆக்கியோர் பெயரும் இருக்கும். வேறு சிலர் முன்கூட்டியே தீர்த்துப் பார்த்து எடுத்துக்கொண்ட நேரம், புள்ளிகளை வகுக்கத் துணைசெய்யும்.

இத்தகைய போட்டியில் வெற்றியும் தோல்வியும் நொடிகளில் உள்ளன. கணினி ஆக்கிய கடும்புதிர் ஒன்றில், ஒரு கட்டத்தில் 4 அல்லது 9 என்னும் இருவழி முட்டு வருவதாகக் கொள்வோம். முறையாக அதை உடைக்க நீண்ட ஆய்வு தேவைப்படும். மனிதருக்கு அது பத்து நிமிடமும் ஆகலாம். ஒருவர் பொறுமையாக ஆராய்கின்றார். மற்றொருவர் 4 என்று ஊகித்து மேலே செல்கின்றார். ஊகம் சரியாக அமைய இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அமைந்துவிட்டால் இரண்டாமவர் முந்திவிடுவார். போட்டி அளந்தது எதனை? நாணயத்தைச் சுண்டிய கையையே. கையால் ஆக்கும் தேர்ந்த ஆசிரியர் இந்த முட்டையே வைக்கமாட்டார் என்று சொல்லவில்லை. ஊகிப்பதைவிட ஆராய்வதே விரைவானது என்னுமாறு அருகிலேயே திறவுகோலை வைத்திருப்பார். 2007, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையரான அமெரிக்கர் தாமசு சினைடர், தாமே கையால் புதிர் ஆக்குபவர். கையாக்கப் புதிர்களுக்கெனவே பதிப்பகமும் நடத்துபவர். வேகத்தில் உலகை வென்ற ஒருவர் ஆக்குவோர் பக்கம் நின்று வாதிடுவதை நாம் பொருட்படுத்த வேண்டும்.

திறனா, வாய்ப்பா என்னும் இவ்வினா தமிழுலகுக்குப் புதிதன்று. 1930களில் ஆனந்த விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் பரிசுப் பணத்தால் பெரும் ஈர்ப்புப் பெற்றன. ஒரே குறிப்புக்கு இரு சொற்கள் பொருந்தும் குறுக்கெழுத்துகள் அக்காலப் பரிசுப் போட்டி உலகில் மிகுதி; எது ‘சரி’ என்பது நடத்துவோர் உறையில் இருக்கும். இந்திய அரசு 1955இல் பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், வெற்றி பெரிதும் திறனைச் சார்ந்திருக்கும் போட்டிகளை அச்சட்டம் தொடாது என்று பிரித்துக் காட்டியது. விடை ஒன்றாயினும் அதனை அடையும் வழி ஊகமேயாயின், அப்புதிர் அவ்விரு வகையுள் எதனைச் சாரும் என்று மாணவர் வாதிட்டுப் பார்க்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கையால் ஆக்கியது என்பதனாலேயே ஒரு புதிர் சிறந்துவிடாது. சலிப்பூட்டும் கையாக்கங்களை நாம் ஏராளமாகத் தீர்த்திருக்கின்றோம். ஆக்குவோர் சிலர் தம் திறமையைக் காட்டும் பொருட்டுத் தீர்ப்பவரை வருத்துவர்; நம் சித்திரகவி மரபிலும் இந்நோய் இருந்தது. பயிற்சிக்கு நூறு எளிய புதிர்கள் வேண்டும் மாணவனுக்கு, நூறையும் கையால் ஆக்கித் தர எந்த ஆசிரியருக்கும் நேரமில்லை. அங்குக் கணினியே தக்க துணை. மேலும் எல்லைக்கோடு இப்போது மங்கி வருகின்றது. வடிவத்தையும் கருவையும் மனிதர் வகுத்து, எஞ்சிய எண்களைக் கணினியைத் தேடச் சொல்வதும் உண்டு. அதனைக் கையாக்கம் என்பதா, கணினியாக்கம் என்பதா? கருத்து யாருடையதோ அவருடையது புதிர் என்பது நம் துணிபு. 2020 மே மாதத்தில் மிட்செல் லீ என்பவரின் புதிர் ஒன்று இலட்சக்கணக்கானோரை வியக்கவைத்தது. அதில் தரப்பட்ட எண்கள் இரண்டே, ஒரு 1, ஒரு 2. சதுரங்கக் குதிரையோ அரசனோ ஒரே நகர்வில் செல்லும் தொலைவில் ஒரே எண் வரலாகாது. பக்கத்துக் கட்டங்களில் அடுத்தடுத்த எண்கள் வரலாகாது என்னும் கூடுதல் விதிகளே எஞ்சிய 79 கட்டங்களையும் நிரப்பின. விதியையே புதிராக்கலாம் என்னும் எண்ணம் குடைந்து நீக்கும் நிரலுக்குத் தோன்றுவதன்று.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். நாட்டின் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள், வேறெந்த மாநிலத்தையும்விட மிகுதியானவை பேராவில்தான் உள்ளன. அவற்றுள் பல தோட்டங்களில் தோன்றியவை. தோட்டம் கலைந்தபின்னும் சிறு எண்ணிக்கை மாணவரோடு நடைபெறுபவை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின், வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப ஆசிரியர்கள் இணையத்திலிருந்து ஆயத்தப் புதிர்த்தாள்களை இறக்கிக்கொள்ளும் வழக்கம் பெருகியது. எண்கள் உள்ளவரை இதில் பெருந்தீங்கில்லை. தமிழ்ச் சொற்புதிர்களில் தீங்கு நேர்ந்தது. உரோமன் எழுத்துக்கென எழுதப்பட்ட நிரல்கள் தமிழெழுத்தை எழுத்தாக எண்ணுவதில்லை. கணினி சேமிக்கும் குறியன்களாக எண்ணுகின்றன. ‘பள்ளி’ நமக்கு ப, ள், ளி என மூன்றெழுத்து. யூனிக்கோடு முறையில் அது ப, ள, புள்ளி, ள, இகரக் குறி என ஐந்து. ஆகவே அந்நிரல் ஐந்து கட்டங்களை ஒதுக்கி, ஒரு கட்டத்தில் தனிப்புள்ளியையும் மற்றொன்றில் தனி இகரக் குறியையும் இட்டுவிடும். மெய்யும் உயிர்மெய்யும் இப்போதுதான் கற்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு மாணவன் முன் இத்தாளை வைப்பது, வகுப்பில் கற்பித்த எழுத்திலக்கணத்தை அழித்துவிட்டுப் புதிர் போடுவதாகும். தமிழெழுத்தை அறிந்த நிரல்களை எழுதுதல் இயலாத செயலன்று, எழுதவும் பட்டுள்ளன. தாளை அச்சிடுமுன் ஒருமுறை எழுத்தெண்ணிப் பார்க்கும் கண் ஆசிரியருடையதாகத்தான் இருத்தல் வேண்டும்.

கட்டத்தில் எழுத்தை அடைக்கும் கலை நம்மவர்க்குப் பழக்கமானது என்பதையும் மாணவர் அறிதல் நலம். தண்டியலங்காரம் சொல்லணியியலில் கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் முதலிய மிறைக்கவிகளைக் கூறுகின்றது. சருப்பதோபத்திரம் அடிக்கு எட்டெழுத்தாக நான்கடி கொண்டது. அறுபத்து நான்கு அறைகளில் அதனை நிரப்பினால் நாற்புறமிருந்து படித்தாலும் அச்செய்யுளே வரும். திருஞானசம்பந்தர் மாலைமாற்றில் பதிகமே பாடினார். ஒன்று முதல் ஏழு வரை ஏறியிறங்கும் எண்ணடுக்கில் அமையும் எழுகூற்றிருக்கையை அவரும் திருமங்கையாழ்வாரும் பாடினர். கட்டுப்பாட்டுக்கு அடங்கிய எழுத்துக்கோவையைக் கணினி இன்று நொடியில் ஆயிரம் தரும். அக்கோவைக்குள் பத்தியும் பொருளும் நிற்கவேண்டும் என்று விரும்பியவர் ஒருவர் இருந்ததனால் அவை பாடலாயின.

வகுப்பறையில் இதனைச் செய்துபார்க்க விரும்பும் ஆசிரியர்க்கு ஒரு வழி. தொடக்க வகுப்புக்குத் தைப்பிங் போதும். அடுத்து, ஆறெழுத்தும் வேறாக அமைந்த ‘சித்தியவான்’ ஆறாறு கட்டச் சதுரத்துக்குப் பொருந்தும்; கோலகங்சாரும் அவ்வாறே. பெட்டிகளை நிரைக்கு மூன்று கட்டமாக இரு நிரையளவில் வகுத்துக்கொள்க. இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு முழுச் சதுரமே தரலாம். த, ண், டி, ய, ல, ங், கா, ர, ம்: ‘தண்டியலங்காரம்’ என்னும் பெயரில் ஒன்பது எழுத்துகள், ஒன்றும் மீளாதவை. இடமேற்கோணத்திலிருந்து வலக்கீழ்க்கோணம் வரை மூலைவிட்டத்தில் இப்பெயர் வருமாறு சதுரத்தை முதலில் நிரப்பிக்கொள்ளச் செய்க. பின்னர் அம்மூலைவிட்டத்தில் ஓரெழுத்தையும் தராமல், ஏனைய கட்டங்களில் தருவதைக் கொண்டே அது தீருமாறு மாணவர் அமைக்கட்டும். எழுத்துகளுக்கு 1 முதல் 9 வரை எண்ணிட்டு, விடை ஒன்றேதானா என்பதைக் கணினியில் சோதித்துக்கொள்ளலாம். இரண்டு விடை வந்தால், எந்த நான்கு கட்டங்கள் காலை வாரின என்று தேடுவதை மட்டும் கணினியிடம் விடாமல் மாணவரிடமே விடுக.